தந்திப் பையனாக இருந்து கப்பலுக்குப் போனவர்: வீட்டுப் பெரியவரின் போர்க்காலத்தை எழுதி வைப்பது எப்படி

‘யுத்தம் எப்படி இருந்தது தாத்தா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். தொண்ணூறு தாண்டிய யாரிடம் கேட்டாலும் ‘அதெல்லாம் கஷ்ட காலம்ப்பு’ என்பார், அதோடு பேச்சு படுத்துவிடும். அதற்குப் பதிலாக ‘சைக்கிள் யாரோடது? சர்க்கார் சைக்கிளா, உங்களோடதா?’ என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் சின்னத் தாத்தா அந்த ஒரு கேள்விக்கே முக்கால் மணி நேரம் பேசினார். சைக்கிள் வாடகை, பஞ்சர் ஒட்டும் கடை, மண்ணெண்ணெய் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவது, சங்கிலியில் வேட்டி மாட்டாமல் இருக்கக் காக்கி டவுசர் கொடுத்தது என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வந்தது. யுத்தமும் அதற்குள்ளேயே வந்துவிட்டது.

அவர் எங்கள் அப்பாவுக்குச் சித்தப்பா. காரைக்குடித் தந்தி ஆபீஸில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக இருந்து, பிறகு இரண்டாம் உலகப் போரில் ராயல் இந்தியன் நேவியில், அதாவது வெள்ளைக்காரர் காலத்து இந்தியக் கடற்படையில், சேர்ந்து கப்பலுக்குப் போனவர். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வவுச்சர் இல்லாத செலவைப் பார்ப்பது போலத்தான் குடும்பக் கதைகளையும் பார்ப்பேன். அதற்காகக் கதையைத் தள்ளிவிடவும் மாட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருந்தால் எங்கே தொடங்குவது, எந்தப் பெட்டியைத் திறப்பது, யாருக்குக் கடிதம் போடுவது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் வேலையைக் கேளுங்கள்

சேதி கொண்டுபோன காலத்துக்குக் காகிதம் அனேகமாக இருக்காது. பதினைந்து வயதுப் பையனுக்கு யார் சர்வீஸ் புத்தகம் போட்டு வைத்தார்கள்? ஆகவே அந்தப் பகுதி முழுக்க அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். கப்பல் காலம் அப்படி அல்ல. அதற்குக் காகிதம் எங்கேயாவது கிடக்கும், அவர் போன பிறகும் தேடலாம். பெரியவர் இன்னும் இருக்கிறார், நேரம் குறைவு என்றால் கப்பலை விட்டுவிட்டுத் தந்தியைப் பிடியுங்கள். பெரும்பாலானவர்கள் பீரங்கிச் சத்தம் கேட்கும் ஆசையில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேட்கும்போது கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். ‘தந்தியை எப்படிக் கொடுப்பீங்க, ஒரு தடவை காட்டுங்க’ என்றேன். ஈஸிசேரிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். இடது கையில் உறை, வலது கையில் ரசீதுச் சீட்டு, காதில் பென்சில். சீட்டை முதலில் நீட்டுவார், உறையைப் பின்னால் வைத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். ‘உறையைக் குடுத்துட்டோம்னா உள்ளே கொண்டுபோயிருவாக. உள்ளே அழுகைச் சத்தம் கேட்டப்புறம் கையெழுத்துப் போட யாரு வெளிய வருவா? கையெழுத்து இல்லாமப் போனா ஆபீஸ்ல என்னைத்தான் கேப்பாக.’ உட்கார்ந்தபடியே பேசியிருந்தால் இது வந்திருக்காது. கை நினைவு வைத்திருப்பதை வாய் மறந்திருக்கும்.

தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று அஞ்சிய காலம். அதிலும் செட்டிநாட்டில் 1941 கடைசியும் 1942 தொடக்கமும் வேறு மாதிரி. வீட்டுக்கு ஒருவர் பர்மாவிலோ மலாயாவிலோ இருந்தார்கள்; கிட்டங்கி என்ற வியாபாரக் கூடம் அங்கே, குடும்பம் இங்கே. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போனது. இந்தத் தேதிகள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. அந்த வாரங்களில் காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் வரை சைக்கிள் மிதித்த ஒரு பையன் என்ன பார்த்தான் என்பது எதிலும் இல்லை. ரங்கூன் தந்தி நின்றுபோனதும் அவன் மணி அடித்தால் முகப்பிலேயே ஆட்கள் ஓடி வந்து நின்றார்களாம். தந்தி வராத வீட்டு ஆச்சி ஒருவர் தினமும் மோர் கொடுத்து, ‘நாளைக்கு நம்ம வீட்டுக்கும் ஒண்ணு கொண்டாப்பா’ என்பாராம். பிறகு கல்கத்தாவிலிருந்தும் சிட்டகாங்கிலிருந்தும் ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்று தந்திகள் வரத் தொடங்கின. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் அனுப்பியவை. அந்த மாதிரித் தந்திக்கு நாலணாவும் கொடுத்து, கை நிறையச் சீடையும் கொடுத்தார்களாம்.

உறையைப் பிரித்துப் படிக்கச் சொன்ன வீடுகளும் உண்டு. படிக்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. படித்தீர்களா என்று நான் கேட்டேன். சிரித்தாரே ஒழியப் பதில் சொல்லவில்லை. அப்படிச் சிரித்ததையும் குறித்து வையுங்கள்; பதிலை நீங்களாக ஊகித்து எழுதிவிடாதீர்கள்.

பதிவு செய்யும்போது

செல்போன் போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, அவர் பக்கம் ஒரு துண்டை மடித்து அதன் மேல் வையுங்கள். மேஜையில் நேராக வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூடக் குண்டு விழுந்த மாதிரிக் கேட்கும். காலைப் பலகாரம் முடிந்த நேரம் நல்லது. மின்விசிறியைக் குறையுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்புக்கும் அதே தேதியைப் பெயராக வையுங்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்துக் கல்யாண வீடியோக்களுக்கு நடுவே தேட வேண்டி வரும்.

பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். அவரிடம் தனியாகக் கேளுங்கள், அவசியம் கேளுங்கள். எங்கள் சின்னப் பாட்டி பக்கத்தில் இருந்தால், ‘அது நாப்பத்தி மூணுல்ல, எங்கக்கா கல்யாணத்துக்கு முந்தி’ என்று திருத்துவார். தாத்தா உடனே வாயை மூடிக்கொள்வார். ஆனால் அந்தத் திருத்தம்தான் பின்னால் பெரிய உதவி. வருடம் கேட்டால் யாருக்கும் வராது. ‘கப்பலுக்குப் போனது யார் கல்யாணத்துக்கு அப்புறம், எந்தப் புயலுக்கு முன்னால், காந்தி செத்தப்போ எங்கே இருந்தீங்க’ என்று கேட்டால் வரும். பொதுத் தேதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்: 1942 ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, 6-ஆம் தேதி விசாகப்பட்டினம், 9-ஆம் தேதி திருகோணமலை, அதே மாதம் சென்னைப் பட்டணமே காலியானது, ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’, 1944 ஏப்ரல் 14 பம்பாய்த் துறைமுக வெடி. அவர் எதற்கு நிமிர்ந்து உட்காருகிறாரோ அங்கே நிறுத்திக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கேள்விப்பட்டதும் கண்ணால் கண்டதும் வயதானால் ஒன்றாகிவிடும். சென்னை மிருகக்காட்சிசாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டதைத் தான் பார்த்ததாக எங்கள் தாத்தா சொன்னார். சுட்டது உண்மை, ஜப்பான்காரன் குண்டு போட்டுக் கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்ற பயத்தில் 1942 ஏப்ரலில் நடந்தது. ஆனால் அந்த மாதம் இவர் காரைக்குடியில் தந்தி கொடுத்துக்கொண்டிருந்தார். பிற்பாடு கப்பலில் பட்டணத்துக் கூட்டாளி யாராவது சொல்லியிருக்க வேண்டும். முகத்துக்கு நேரே மறுக்காதீர்கள். ‘யார் கூட நின்னு பாத்தீங்க தாத்தா?’ என்று மட்டும் கேளுங்கள்.

டிரங்குப் பெட்டி

கடற்படைக்காரர் வீட்டில் நாலு பொருள் தேடுங்கள்: போட்டோ, பதக்கம், டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், யாரோ அனுப்பிய கடித உறை.

போட்டோவில் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் தொப்பியையும் கையையும் பாருங்கள். தொப்பி ரிப்பனில் கப்பல் பெயர் இருக்கும் என்று நம்பிப் பூதக்கண்ணாடி வாங்க வேண்டாம். போர்க்காலத்தில் எதிரிக்குத் தெரியக் கூடாதென்று பெயரை எடுத்துவிட்டு வெறும் எச்.எம்.ஐ.எஸ். (ஹிஸ் மெஜஸ்டிஸ் இந்தியன் ஷிப்) என்று மட்டும் போட்டார்கள். வலது சட்டைக் கையில் இருக்கும் சின்னம் தொழிலைச் சொல்லும். குறுக்காக இரண்டு கொடி என்றால் கொடியும் விளக்கும் காட்டிச் சேதி சொன்ன சிக்னல்மேன். சிறகுகளுக்கு நடுவே மின்னல் என்றால் வயர்லெஸ் தட்டிய டெலிகிராபிஸ்ட். இடது கையில் நங்கூரம் இருந்தால் ஒரு படி ஏறி லீடிங் ரேட்டிங் ஆனவர். எங்கள் தாத்தா படத்தில் சிறகும் மின்னலும். காரைக்குடி ஆபீஸ் திண்ணையில் அடுத்த தந்திக்காகக் காத்திருந்தபோதே உள்ளே கருவி அடிக்கும் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டாராம். நேவியில் ஆள் எடுத்தவர்கள் கேட்டதும் மேஜையில் விரலால் தட்டிக் காட்டியதாகச் சொன்னார். அதுவரை அவர் பார்த்த கடல் தொண்டிக் கடல் மட்டும்தான்.

பதக்கங்கள் பெட்டியில் கிடந்தால் பிரித்துத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், ரிப்பனையும் மாற்றாதீர்கள். ஆறு முனை நட்சத்திரமாக, பித்தளை நிறத்தில் இருப்பவற்றில் எந்தக் களம் என்று நடுவிலேயே எழுதியிருக்கும். எழுத்துத் தேய்ந்திருந்தாலும் ரிப்பன் காட்டிக்கொடுக்கும். நடுவில் அகலமான சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஒரு ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா ஸ்டார். வங்காள விரிகுடாவில் போர்க் கப்பலில் இருந்தவர்களுக்கும் அது உண்டு. கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் மூன்றும் சமமாக இருந்தால் 1939–45 ஸ்டார். கடற்படை, தரைப்படை, விமானப்படை மூன்றுக்கும் ஒவ்வொரு நிறம். வட்டமாக, பின்பக்கம் இந்திய வரைபடம் போட்டிருந்தால் இந்தியா சர்வீஸ் மெடல். பதக்க விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், பெயரோ எண்ணோ பொறித்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

எல்லாவற்றிலும் முக்கியம் அஃபீஷியல் நம்பர், அதாவது கடற்படையில் அவருக்குக் கொடுத்த எண். சர்டிபிகேட்டிலோ கடித உறையிலோ பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெயரை மட்டும் நம்பினால் திண்டாட்டம்: நம் ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் எப்படி எழுதியிருப்பார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். தகப்பனார் பெயர் முன்னால், ஊர்ப் பெயர் பின்னால், ஜாதிப் பெயர் சேர்த்தும் சேர்க்காமலும் எனப் பல விதமாகத் தேடிப் பாருங்கள். வயதையும் நம்ப வேண்டாம். சேர வேண்டும் என்பதற்காக ஒன்றிரண்டைக் கூட்டிச் சொன்ன பையன்கள் ஏராளம். படித்த பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். எந்த மாதம் பள்ளியை விட்டார் என்பதும் அதிலேயே கிடைக்கும்.

கப்பல் பெயரும் நதிப் பெயரும்

எங்கள் அத்தை தன் சித்தப்பாவை, அதாவது எங்கள் சின்னத் தாத்தாவை, ‘நர்மதையில் இருந்தவர்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். குஜராத் பக்கம் அணைக்கட்டு வேலை என்றுதான் அவர் நினைத்திருந்தார். உண்மையில் அது நர்பதா என்ற போர்க் கப்பல். அன்றைய ராயல் இந்தியன் நேவியின் ஸ்லூப் என்ற சிறு போர்க் கப்பல்கள் பலவற்றுக்கு நதிப் பெயர்கள்: சட்லெஜ், ஜம்னா, கோதாவரி, காவேரி, கிஸ்ட்னா, நர்பதா. கரைத் தளங்கள் பலவற்றுக்கு இந்துஸ்தானிப் பெயர்கள்: சிக்னல் பள்ளி பம்பாயில் தல்வார், சிறுவர் பயிற்சி கராச்சியில் பகதூர், திலாவர். சென்னைத் தளத்துக்கு அடையார் என்று நம் பெயர். வீட்டில் யாராவது ‘தாத்தா காவேரியில் ரெண்டு வருஷம் இருந்தார்’ என்றால் தஞ்சாவூர் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கப்பல் பெயரும் தேதிகளும் கிடைத்ததும், அந்தத் தேதியில் அந்தக் கப்பல் எங்கே நின்றது என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கான இந்திய அரசின் அதிகாரபூர்வ வரலாற்று வரிசையில் கடற்படைக்கென்றே ஒரு தொகுதி இருக்கிறது. நர்பதாவும் ஜம்னாவும் 1945 ஜனவரியில் பர்மாவின் அரக்கான் கரையில், 12-ஆம் தேதி மியேபோனிலும் 22-ஆம் தேதி காங்காவிலும் இறங்கிய படைகளுக்கு ஆதரவாகக் குண்டு வீசின. தாத்தா சொன்னதில் ஊர்ப் பெயரே இல்லை. ‘ஓடை மாதிரி இடம், ரெண்டு பக்கமும் காடு, கப்பல் உள்ளே போயிருச்சு, சுடச் சுட மேல் தளத்துல கால் வைக்க முடியலை’ என்றார். காங்கா சதுப்பு நில ஓடைகளுக்குள் இருக்கும் இடம். வரைபடத்தில் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே பொருந்துகிறது. ரங்கூனிலிருந்து நடந்தவர்களில் ஒரு பகுதியினர் வந்ததும் இதே அரக்கான் வழியாகத்தான். அதை நான் சொன்னபோது அவர் பள்ளத்தூரில் ஒரு வீட்டு விலாசத்தைச் சொன்னார், மூன்று வருடம் கழித்து, கப்பலில் இருந்தபோது அந்த வீடு ஞாபகம் வந்ததாம். வேறு எதுவும் சொல்லவில்லை.

சர்வீஸ் பதிவுக்கு எழுத வேண்டிய இடம் மும்பை மான்கூர்டு சீட்டா கேம்பில் உள்ள மாலுமிகள் பதிவகம், பீரோ ஆஃப் செய்லர்ஸ் என்பார்கள். அஃபீஷியல் நம்பர், முழுப் பெயர், சேர்ந்த வருடம், உங்களுக்கு என்ன உறவு, இறப்புச் சான்று நகல், உங்கள் அடையாள அட்டை நகல் எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கு முன்னால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் மாநில அரசு மாத உதவித்தொகை கொடுத்துவருகிறது. அதற்கு விண்ணப்பித்திருந்தால் பழைய காகிதத்தின் நகல் அங்கே இருக்க வாய்ப்புண்டு. பாட்டி இன்னும் இருக்கிறார், விண்ணப்பிக்கவே இல்லை என்றால், கதையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், முதலில் விண்ணப்பத்தை எழுதுங்கள்.

தந்தி வேலைக்காக எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓடாதீர்கள். தந்தி இலாகா மாகாண அரசின் கீழ் இருந்ததில்லை, மத்திய இலாகா. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். எழும்பூரில் கிடைப்பது மாவட்டச் சூழல். காரைக்குடி அன்று ராமநாதபுரம் ஜில்லா, அந்தப் பெயரில் கேளுங்கள். அந்தக் காலத் தமிழ்ப் பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். அதைச் சேர்த்த ரோஜா முத்தையா கோட்டையூர்க்காரர்தான். எங்கள் தாத்தா தந்தி கொடுத்த அதே ஊர்.

உங்கள் பெரியவர் போர்க் கப்பலில் இல்லாமல் சரக்குக் கப்பலில் போனவர் என்றால் தேட வேண்டியது அவருடைய கப்பல் டிஸ்சார்ஜ் புத்தகம். கடலிலேயே இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. கல்லறை இல்லாத இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் மும்பை, சிட்டகாங் நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன; அதில் ஏறத்தாழ 6,000 பேர் வணிகக் கப்பல்காரர்கள்.

1946

டிஸ்சார்ஜ் தேதி 1946 மார்ச்சை ஒட்டி இருந்தால் நிதானமாகப் படியுங்கள். போர் முடிந்து சாதாரணமாக அனுப்பப்பட்டவரும் இருக்கலாம், வெள்ளைக்கார அதிகாரிகளை எதிர்த்து மாலுமிகள் நடத்திய கடற்படைக் கலகத்துக்காக வெளியேற்றப்பட்டவரும் இருக்கலாம். பிப்ரவரி 18-ல் தல்வாரில் சாப்பாட்டை மறுத்துத் தொடங்கியது; 78 கப்பல்களுக்கும் 20 கரைத் தளங்களுக்கும் பரவி 23-ஆம் தேதி காலை சரணடைந்து முடிந்தது. நர்பதாவும் பம்பாயில் அதில் சேர்ந்தது. தல்வார் சிக்னல் பள்ளி, அங்கே இருந்தவர்கள் எல்லாம் சேதி அனுப்பத் தெரிந்தவர்கள். அதனால்தான் அத்தனை வேகமாகப் பரவியது. சர்டிபிகேட்டில் ‘இனி சேவை தேவையில்லை’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்தக் கலகத்தில் பங்கெடுத்தவர்களை மத்திய அரசு பின்னாளில் தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தது. யாராவது விண்ணப்பித்திருந்தால் அந்த விண்ணப்ப நகலில் அவரே எழுதிய வாக்குமூலம் இருக்கும்.

இதைப் பற்றிக் கேட்கும்போது நேராக ‘நீங்க கலகம் பண்ணீங்களா’ என்று போகாதீர்கள். ஐம்பது வருடம் வேலைக்கும் பென்ஷனுக்கும் பயந்து வாயைக் கட்டியவர்கள். சாப்பாட்டில் தொடங்குங்கள். எங்கள் தாத்தா பருப்பில் கிடந்த கல்லைப் பற்றி நிறையப் பேசினார். அப்புறம் கேட்டேன், அந்த அஞ்சு நாள் நீங்க என்ன செஞ்சீங்க? ‘சேதி வந்துச்சு. வந்த சேதியை அனுப்பிச்சேன்’ என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு வாக்கியத்தை நான் விரிவாக்கவில்லை, நீங்களும் உங்கள் பெரியவருடையதை விரிவாக்காதீர்கள்.

கப்பல் பிற்பாடு என்ன ஆனது என்று தேடும்போது பிரிவினையை மறக்க வேண்டாம். நர்பதா பாகிஸ்தானுக்குப் போய் 1948-ல் ஜீலம் என்று பெயர் மாறியது. கோதாவரி சிந்து ஆனது. இரண்டு பெயரிலும் தேடினால்தான் முழு வரலாறும் கிடைக்கும்.

எழுதும்போது

தாளை நெடுக்காக மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் அவர் சொன்னது, அவர் சொன்ன மாதிரியே. இரண்டாவதில் காகிதம் சொல்வது. மூன்றாவதில் மற்றவர்கள் சொன்னது, யார் எப்போது சொன்னார்கள் என்பதோடு. ஒன்றோடு ஒன்று முரண்பட்டால் அடித்துத் திருத்தாமல் அப்படியே விடுங்கள். எங்கள் நோட்டில் மிருகக்காட்சிசாலை முதல் பத்தியில் இருக்கிறது, அதற்கு எதிரே இரண்டாவது பத்தி காலி.

எழுதி முடித்ததை நாலு பிரதி எடுத்து உறவுக்குள் கொடுங்கள், ஒலிப்பதிவையும் சேர்த்து. கொடுத்தவுடன் திருத்தங்கள் வரும், அதற்கு மூன்றாவது பத்தியில் இடம் விட்டிருங்கள். எங்கள் அத்தை எல்லாவற்றையும் படித்துவிட்டு, ‘என்னமோ கப்பல்ங்கிற, எங்கிட்ட அணைக்கட்டுன்னுதான் சொன்னாரு’ என்றார். அதையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.